கவலையும் இருதயமும்

(திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் கூடிய பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அதிகாரி பேச எழுந்தால் சாலையைப் பற்றியோ குடிநீர்க் குழாயைப் பற்றியோதான் பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இருதயம். வைத்தியர் பேசவேண்டியதை இவர் ஏன் பேசுகிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணத்தைச் சொல்லுகிறோம்.

2016-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது வழக்கமான மேட்டூர் அணை அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அந்த நீரை நம்பிச் சம்பா செய்தவர்களை வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. வழக்கமான மழையில் ஏறக்குறைய 62 சதவீதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரி 10-ஆம் தேதி மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5,465 ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது.

அந்த மார்கழி மாதத்தில் காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து ஒரே விதமான செய்தி திரும்பத் திரும்ப வந்தது. கருகிய பயிரைப் பார்க்கச் சென்ற விவசாயி வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்பதே அச்செய்தி. ஒரு மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாகப் பத்திரிகைகளில் வந்ததைக் கொண்டு தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும், அதிர்ச்சியால் இறந்தவர்களும் அக்கணக்கில் சேர்ந்திருந்தனர். அப்போது ஊர்தோறும் ஒரு வழக்கு நடந்தது. பயிர் கருகியதால் இறந்தார் என்றார்கள் ஒரு சாரார். அவருக்கு முன்பே ரத்தக் கொதிப்பு இருந்தது, நோயால் இறந்தார் என்றார்கள் மற்றொரு சாரார்.

ஒரு வரப்பு உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று வந்த வெள்ளம் காரணமா, ஆறு மாதமாக எலி தோண்டிய வளை காரணமா? இக்கேள்வியை எந்த விவசாயியும் கேட்கமாட்டார். இரண்டும் சேர்ந்துதான் உடைத்தன என்பது அவருக்குத் தெரியும். மனிதனுடைய இருதயத்தின் விஷயத்தில் மட்டும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

எலி தோண்டும் வேலையைத்தான் நெடுநாட் கவலை செய்கிறது. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. அப்போது உடலில் ஊறும் சுரப்புகள் ரத்த அழுத்தத்தை உயர்த்தி, ஓடவோ அடிக்கவோ நம்மை ஆயத்தப்படுத்துகின்றன. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும். கடன்காரன் என்னும் பாம்பு போவதில்லை. அது இரவும் தலைமாட்டில் இருக்கிறது. அழுத்தம் இறங்காமலே மாதங்கள் செல்லும்போது ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது, கொழுப்புப் படிகிறது, ரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. கவலைப்படுகிறவர் பீடியும் கூடுதலாகப் பிடிக்கிறார், உறக்கமும் கெடுகிறது. பிறகு ஒரு நாள் பேரதிர்ச்சி வருகிறது.

மாரடைப்பு வேறு, இருதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. முன்னது வாய்க்காலில் ஏற்படும் அடைப்பு. இருதயத் தசைக்கு ரத்தம் செல்லாது, ஆயினும் ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். பின்னது மோட்டாருக்கு வரும் மின்சாரம் தாறுமாறாவது போன்றது. இருதயம் வெறுமனே நடுங்குமேயன்றி ரத்தத்தை இறைக்காது, ஆள் சில விநாடிகளில் நினைவிழந்து சாய்வார். அடைப்பிலிருந்து துடிப்பு நிற்பதும் உண்டு. கவலை இரண்டுக்குமே வழி செய்கிறது.

இது வெறும் ஊகமன்று. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் அவர்களின் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2004-இல் வெளியாயிற்று. 52 நாடுகளில் முதன்முறை மாரடைப்பு வந்த 11,119 பேரும், அது வராத 13,648 பேரும் அதில் விசாரிக்கப்பட்டனர். ஓயாத மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு, அஃதில்லாதவர்களைவிட மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் 1994 ஜனவரி 17-ஆம் தேதி விடியுமுன் நிலநடுக்கம் வந்தது. அங்கே இருதய நோயால் திடீரென இறப்பவர்கள் அதற்கு முன் நாளொன்றுக்குச் சராசரி 4.6 பேர், அன்று ஒரே நாளில் 24 பேர். அடுத்த ஆறு நாட்களில் இந்தச் சராசரி வழக்கத்தைவிடக் குறைந்து 2.7 ஆயிற்று. ஏற்கெனவே வளை விழுந்திருந்த வரப்புகளே அன்று உடைந்தன என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அந்த வறட்சியின்போது பயிர்ச்சேதக் கணக்கெடுக்கச் சென்ற குழுவில் நாமும் இருந்தோம். ஓர் ஊரில், கணவரை இழந்து எட்டு நாளே ஆன ஓர் அம்மையார் எங்களுக்கு மோர் கொடுத்தார். "ஆவணியிலிருந்தே அவர் தூங்கலீங்க ஐயா. மாத்திரையையும் நிறுத்திட்டாரு, அந்தக் காசு உரத்துக்கு ஆகும்னாரு" என்றார். நம் கையிலிருந்த படிவத்தில் சர்வே எண்ணுக்கு இடமிருந்தது, பரப்புக்கு இடமிருந்தது. அவர் சொன்னதை எழுத இடமில்லை, நாமும் எழுதவில்லை. ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையில் நான்கு மாதம் இருந்ததே, அப்போது அவ்வூரில் ஒருவருக்கும் இது தெரியாதா என்ற எண்ணம் இன்றளவும் நம்மை விட்டபாடில்லை.

தெரிந்திருக்கும். ஆகவேதான் உங்களிடம் பேசுகிறோம். வாங்கிய கடனுக்கு அஞ்சிக் கூட்டுறவுச் சங்கத்தின் பக்கமே வராதவர், டீக்கடைக்கு வருவதை நிறுத்தியவர், மாத்திரையை நிறுத்தியவர் யார் யார் என்பதை டாக்டருக்கு முன் அறிபவர் வார்டு அங்கத்தினர். மாத்திரைக்குக் காசு வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டிற்கே வந்து மருந்து தருகிறார்கள். விடுபட்டவரைச் சுகாதாரப் பணியாளரிடம் நீங்கள் சொல்லுங்கள். மனம் நொந்தவர் 14416 என்ற எண்ணில் பேசலாம். ஆனால் தாமாக அவர் பேசமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் கொடுக்கவேண்டும். கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று ஏசினால் அதைத் தடுக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குத்தகைக்குச் செய்பவர் அடங்கல் கிடைக்காமல் பயிர்க் காப்பீட்டைத் தவறவிடுகிறார். கெடு முடிவதற்குள் அவரை அழைத்துக்கொண்டு கிராம நிர்வாக அதிகாரியிடம் சென்றால் அதுவும் இருதய வைத்தியமே என்பது நம் துணிபு.

நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுப்பது நம் ஊர்களில் வெகு சகஜம். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், உடனே 108-ஐ அழையுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

துடிப்பே நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க இயலாது. கூப்பிட்டும் விழிக்காமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால், ஒருவர் 108-க்குச் சொல்ல, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை விடாமல் அழுத்தவேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். சொல்லக் கேட்டு இது வராது. மேடைக்குக் கீழே ஒரு பொம்மை கொண்டுவந்து வைத்திருக்கிறோம். செவிலியர் இருவர் செய்து காட்டுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டிற்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.