கண்ணாடி கொடுத்த பாதிரியும் காணி இழந்த தொதவரும்



இன்று நாம் பேசப் போவது தூரதேசத்துச் சங்கதி அல்ல. இந்த மேடையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிறதே நீலமலை, அதன் மேல் நடந்த சங்கதிதான். வெள்ளைக்காரன் அமெரிக்காவில் இறங்கி, அங்கிருந்தவர்களுக்குப் பாசிமணி கொடுத்து நாட்டை வாங்கிக்கொண்டான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே நாடகம் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாமும் பெரிய படிப்புப் படித்தவரல்ல. கிடைத்த புஸ்தகங்களைக் கேட்டு வாங்கிப் படித்து அறிந்ததைத்தான் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

1603-ஆம் வருஷத்தில் ஜாகோமே பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரி ஒருவர் கள்ளிக்கோட்டையிலிருந்து புறப்பட்டு, மேற்குப் பக்கமாக இந்த மலை ஏறினார். எதற்காக ஏறினார்? மலைமேல் தொதவர் என்ற ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் தோமையார் காலத்துக் கிறிஸ்தவர்கள், வேதத்தை மறந்துவிட்டார்கள் என்று மலையாளத்தில் ஒரு வதந்தி. அதை நம்பி பிஷப் முதலில் சிலரை அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த சேதி போதவில்லை. பிறகு இவரை அனுப்பினார். இவர் போய்ப் பார்த்தார். சிலுவையும் இல்லை, வேத புஸ்தகமும் இல்லை. இருந்தவை எருமைகளும், பால்மனையும், அதற்கொரு பூசாரியுமே. பாதிரியார் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல் கண்டும் கொடுத்தார், உபதேசம் செய்தார், இறங்கிவிட்டார். தாம் தேடி வந்தது அங்கே இல்லை என்று உள்ளபடி எழுதி வைத்தாரே, அந்த மட்டில் அவர் யோக்கியர்.

ஆனால் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1800-இல் புக்கானன் என்ற டாக்டர் கும்பினியார் உத்தரவுப்படி நம் ஜில்லாவைச் சுற்றிப் பார்த்து, டணாயக்கன் கோட்டைப் பக்கமிருந்து மலையின் ஓர் ஓரத்தில் ஏறிவிட்டுத் திரும்பினார். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1812-இல் சர்வேக்காரர்கள் போனார்கள். 1819-இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனே போனார். பிறகு சிறுமுகையிலிருந்து பாதை போட்டாயிற்று. 1822-இல் ஒத்தைக்கல் மந்தில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தாயிற்று. அந்த மந்துதான் உதகமண்டலம் ஆயிற்று.

மேலே போன துரைமார் தொதவரைப் பார்த்தார்கள். நெட்டை ஆள், நீண்ட மூக்கு, தாடி, உடம்பைச் சுற்றிய போர்வை. உடனே ஒருவர் ரோமாபுரி வம்சம் என்றார். இன்னொருவர் யூதர்களில் காணாமற்போன பத்துக் கோத்திரத்தார் என்றார். பிற்காலத்தில் சுமேரியர் என்று சொன்னவரும் உண்டு. தோழர்களே! அவரவர் படித்த புஸ்தகத்தில் இருந்ததை அவரவர் அந்த மூக்கிலே கண்டார்கள். பாதிரியார் தொதவருக்குக் கண்ணாடி கொடுத்தார். துரைமாரோ தொதவரையே கண்ணாடியாக்கித் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்!

உண்மை எப்படி வெளியாயிற்று? மூக்கைப் பார்த்தல்ல, நாக்கைப் பார்த்து. அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள், அது நம் தமிழுக்கு உடன்பிறந்த பாஷை என்று கண்டார்கள். 1935 முதல் சில வருஷம் எமனோ என்ற பண்டிதர் இம்மலையில் இருந்து தொதவர் பேச்சையும் கோத்தர் பேச்சையும் எழுதி எடுத்து அதை ஊர்ஜிதம் செய்தார். நாம் ஆள் என்றால் அவர்கள் ஓள் என்கிறார்கள். நம் எருமை அவர்களுக்கு இர். யூதரும் இல்லை, ரோமரும் இல்லை; நம் தாயாதிகள்!

சரி, வம்சம் பற்றிய இந்த வேடிக்கை நடந்துகொண்டிருக்கையில் நிலம் என்னவாயிற்று? ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் தொதவர் நிலம் கைமாறியது. இந்த நிலத்துக்குத் தொதவரே பாத்தியஸ்தர் என்று வாதாடினவரும் அதே சல்லிவன்தான் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். சர்க்கார் அதை ஒப்பவில்லை; மேய்ச்சல் பாத்தியம் மட்டுமே அவர்களுக்கு உண்டு என்ற பேச்சே முடிவில் நின்றது. பிறகு அந்தப் புல்வெளியில் தைலமரமும், சீகை மரமும், தேயிலையும் வந்தன. எருமை மேய இடமில்லை. 2011 ஜனக் கணக்கில் தொதவர் சுமார் 2,000 பேர்தான்.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நம் யோக்கியதை என்ன? காட்டில் இருந்தவனை அரக்கன் என்றும் குரங்கு என்றும் எழுதி வைத்த புராணத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் யார்? சந்தையில் இருளரிடம் தேனை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டு, அவரையே “காட்டான்” என்கிறவர்கள் யார்? குறும்பர் செய்வினை வைப்பார் என்று இன்றும் தாயத்துக் கட்டுகிறவர்கள் யார்? அந்தப் பயத்தைச் சாதாரணம் என்று எண்ணாதீர்கள். மாட்டுக்கு நோய் வந்தாலும் குழந்தை செத்தாலும் குறும்பர் மந்திரமே காரணம் என்று நம்பி, 1835-இல் அந்த மலையிலேயே குறும்பர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். அது வெள்ளைக்காரன் துப்பாக்கியல்ல, மூடநம்பிக்கை செய்த கொலை.

அப்படியானால் மலைஜனங்கள் செய்வதெல்லாம் சரியா என்று கேட்பீர்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். தொதவர் பெண் பால்மனைக்குள் போகக்கூடாது, பால் கறக்கக்கூடாது என்பது அங்கே ஏற்பட்ட கட்டுப்பாடு. பூசாரி இங்கே கர்ப்பக்கிரகத்தில் உட்கார்ந்தால் தப்பு, அங்கே பால்மனையில் உட்கார்ந்தால் அழகு என்று சொல்ல நமக்கு இரண்டு நாக்கு இல்லை. ஆனால் ஒருவனிடம் மூடப்பழக்கம் இருக்கிறதென்பதால் அவன் நிலத்தைப் பிடுங்கலாம் என்று நியாயம் பேசினால், இந்தக் கூட்டத்தில் எவருக்குக் காணி மிஞ்சும்?

ஆகையால் தோழர்களே! ஒருவன் யார் என்பதை அறிய நம் புராணமும் வேண்டாம், அவர்கள் பைபிளும் வேண்டாம். அவனைக் கேளுங்கள், அவன் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 2006-இல் காட்டு உரிமைச் சட்டம் என்று ஒன்று செய்திருக்கிறார்கள். மலையிலிருப்பவர் அதன்படி மனுக் கொடுக்க வந்தால், எழுதத் தெரிந்த நம் வாலிபர்கள் கூட இருந்து எழுதிக் கொடுங்கள். அந்த மலை ஜில்லாவும் 1868-இல் நம் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்ததுதான். நம் கலெக்டர் கச்சேரியிலிருந்து போன காரியத்துக்கு நாமாவது ஒரு சிறு பரிகாரம் செய்வோம் என்று கேட்டுக்கொண்டு, இம்மட்டில் முடித்துக்கொள்ளுகிறோம்.