தொடாத தந்தி ஏன் பாடுகிறது?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றினார்கள். நானோ ஒரு கித்தாரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் படிப்புத்தான்; கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போன வருடம் நம் கோயில் திருவிழாவில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மின்கித்தார் வாசித்தான். அப்பா செம்பனைக் குலை வெட்டிய காசில் மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்தது. பையன் ஒரு தந்தியைத் தொட்டால் ஒலிபெருக்கியில் மூன்று தந்தி சேர்ந்து 'கொய்ங்' என்று இரைந்தது. கூட்டம் சிரித்தது. "பையனுக்குக் கை பதியலைங்க" என்று அப்பாவிடம் சொன்னவன் நான்தான். "அப்ப வித்துப்புடலாம் சார்" என்றார் அவர். பையன் தலை குனிந்து நின்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் குளுவாங் பட்டணத்தில், கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒருவரிடம் பையனை அழைத்துப் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி அடிக்கிறது சரிதான். அடிக்காத தந்தியை அடக்கத்தான் யாரும் சொல்லித் தரலை."

மாணவர்களே, இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. லாரி போகும்போது அலமாரியில் ஒரு தட்டு மட்டும் நடுங்குகிறதே, அதே கதைதான். கித்தாரில் ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிரும். நான்காம் தந்தியை ஏழாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் 220 முறை அதிரும். 220 என்பது 110-இன் சரி இரட்டிப்பு. ஆகவே சும்மா கிடந்த ஐந்தாம் தந்தியும் தானே விழித்துக்கொண்டு பாடுகிறது. மரக் கித்தாரில் இது லேசாகக் கேட்கும். மின்கித்தாரிலோ தந்திகளுக்கு அடியிலுள்ள காந்தம் எல்லாத் தந்தியின் அசைவையும் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். சின்னச் சத்தமும் பெரிய சத்தமாகிவிடும்.

இந்த ஒலி எங்கும் குற்றமல்ல. சித்தாரில் பிரதான தந்திகளுக்குக் கீழே, கூடவே அதிரட்டும் என்றே தனித் தந்திகள் கட்டியிருக்கிறார்கள். வேண்டிய இடத்தில் அது அழகு. வேண்டாத இடத்தில் இரைச்சல். மாண்டலின் மேதை உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) என்ன செய்தார்? மேல்நாட்டு மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் இருக்கும். அவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்து உலகப் புகழ் பெற்றார். கருவி நமக்கு ஏற்றபடி இல்லையென்றால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஏற்றபடி செய்துகொள்ளலாம்.

பையனுக்கு அந்த அண்ணன் சொல்லிக் கொடுத்தவை இவை:

முதலாவது, வலது உள்ளங்கையின் ஓரத்தை, வாசிக்காத தடித்த தந்திகளின் மேல் லேசாக வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும்.

இரண்டாவது, இடது ஆள்காட்டி விரலின் நுனி பக்கத்துத் தடித்த தந்தியைத் தொட்டிருக்கட்டும். அதே விரலின் அடிப்பக்கம் மெல்லிய தந்திகள்மேல் சாய்ந்திருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு சுரம் முடிந்ததும் விரலைப் படக்கென்று எடுக்கக் கூடாது. அழுத்தத்தை மட்டும் விட்டு, தந்தி அடங்கிய பிறகு எடுக்க வேண்டும்.

நான்காவது, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. அதன் சத்தமே தந்தியை மறுபடி அதிரவைத்து ஊளையிட வைக்கும். இரைச்சல் கூட்டும் திருகையும் அளவாகத்தான் வைக்க வேண்டும். கித்தாரின் முதுகில் சுருள்கம்பி இருந்தால் அதுவும் முனகும். ஒரு துண்டு பஞ்சு வைத்தால் அடங்கும்.

கழுத்தின் முனையில் துணி சுற்றுவோரும் உண்டு. ஆனால் விரல் வைக்காமல் தந்தியை மீட்ட வேண்டிய பாட்டுக்கு அது உதவாது. கைப்பழக்கமே நிலையான வைத்தியம்.

பையன் தினமும் லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒலிபெருக்கி இல்லாமலே மெதுவாகப் பழகினான். அப்பா கித்தாரை விற்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை ஒன்றைச் சரியாகச் செய்யவில்லை என்றால், "உனக்கு வராது" என்று சொல்வதற்கு முன்னால், யாராவது அதற்குச் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கணக்கிலும் அப்படித்தான், மலாய்ப் பாடத்திலும் அப்படித்தான். நான் அன்று கேட்கத் தவறினேன். அந்தப் பிள்ளையிடமும் அவன் அப்பாவிடமும் இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று இரவு கலைநிகழ்ச்சியில் அவன் வாசிக்கிறான். எல்லாரும் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.