காட்டுப் பயறும் வீட்டுப் பயறும்



பயறுகளின் மரபு வளம் பற்றிப் பேசத் தியாகதுருகம் பொருத்தமான ஊர். கிழக்கே உளுந்தூர்பேட்டைப் பக்கம் உளுந்து வயல்கள். மேற்கே மொச்சையும் துவரையும் சாமையும் விளையும் கல்வராயன் மலைக் கொல்லைகள்.

காட்டுச் செடி எப்படிப் பயிராயிற்று? காட்டு உளுந்தின் நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடிக்கும், விதை சிதறிவிடும். சிதறியதும் உடனே முளைக்காது. தடித்த தோல் நீரை உள்ளே விடாது. ஒரு மழை பொய்த்தாலும் அடுத்த மழைக்கு விதை மிச்சமிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. உழவருக்கோ இரண்டுமே இடைஞ்சல். வெடிக்காமல் கைக்கு வந்ததையும், விதைத்ததும் முளைத்ததையுமே அவர்கள் மறுபடி மறுபடி விதைத்தார்கள். பழைய குணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இரவு ஊறவைத்த பயற்றில் விடிந்த பிறகும் சில மணிகள் கல்லாகவே கிடக்கின்றன அல்லவா?

இந்த மாற்றத்துக்குக் கண்கூடான சான்று கொள்ளில் கிடைத்திருக்கிறது. தென்னிந்திய அகழாய்வுகளில் எடுத்த கொள்ளு விதைகளை உடைக்காமல், ஊடுகதிர் கொண்டு சார்லீன் மர்ஃபியும் டோரியன் ஃபுல்லரும் ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கி.மு. 2000க்கும் 1200க்கும் இடையில் விதைத்தோல் படிப்படியாக மெலிந்திருக்கிறது. எளிதில் முளைக்கும் விதைகளைக் காட்டிலேயே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள் என்ற பழைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது. தோல் மெலிந்தது பல தலைமுறை உழவர்களின் கைவேலை.

ஆனால் எல்லாப் பயறும் இந்தியாவில் பிறந்தவை அல்ல. மொச்சையின் காட்டு உறவுகள் ஆப்பிரிக்காவில் உள்ளன. பீன்ஸ் மெக்சிகோப் பகுதியிலும் ஆண்டிஸ் மலையிலும் தனித்தனியே பயிரானது.

பயிராக்கியதில் இழப்பும் உண்டு. சில செடிகளிலிருந்தே விதை எடுத்துப் பெருக்கியதால் மரபு வளம் குறுகியது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் உளுந்தைத் தாக்கும்போது, தாங்கும் குணத்தைத் தேடிக் காட்டு உறவிடமே போக வேண்டியிருக்கிறது. வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 6 உளுந்து, வம்பன் 1 ரகத்தைக் காட்டு உளுந்தோடு கலந்து உருவானதுதான்.

ஆகவே வேலியோரக் கொடியும் மலைவாழ் மக்களின் விதைக் குதிரும் நமக்கு ஆய்வுக்களமே. ஆனால் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவப் பரவ, மலைக் கொல்லையில் கலப்புப் பயிருக்கு இடம் சுருங்குகிறது. சாகுபடி நின்றால் இரண்டு மூன்று ஆண்டுகளில் வீட்டு விதை முளைப்புத் திறனை இழந்துவிடும்.

இந்த அவைக்கு இரண்டு வேண்டுகோள். சேகரிக்கும் ஒவ்வொரு விதையோடும் ஊர், விதைப்புப் பட்டம், சமையல் பயன், காத்தவர் பெயர் ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு பதியுங்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் ரகங்களையும் பதிவு செய்யலாம். அதற்கான விண்ணப்பத்தை எழுத மலைக் கிராமங்களுக்குத் துணை நில்லுங்கள்.

முதல் அமர்வில் மலை உழவர்கள் பேசட்டும். ஆய்வுக் கட்டுரைகள் பின்னர் வரட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.