கதை நடத்துவோர்க்குக் கூலி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி விவேக் நகரில் ஆற்றிய சொற்பொழிவு)



சில கிழமைகளுக்கு முன், குழந்தை இயேசு ஆலயத்தருகே நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் என்னை வழிமறித்தார். "ஐயா, என் மகன் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பகடை உருட்டிக் கதை சொல்லிப் பிழைக்கப் போகிறானாம். தாங்கள் அவனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லலாகாதா?" என்றார். புத்தி சொல்லத்தான் சென்றேன். ஆனால் அங்கு நான் கற்று வந்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பகடை என்றதும் தருமன் நாடிழந்தது நம் நினைவுக்கு வருவது இயல்பே. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்து 2025 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டமியற்றிய பின் பெற்றோரின் அச்சம் இன்னும் மிகுந்திருக்கிறது. அப்பிள்ளை நடத்தும் ஆட்டத்திலோ பந்தயம் என்பதே இல்லை. அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் 1974 இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி என வேடம் ஏற்பர். அரிதாரம் கிடையாது, வாய்ச்சொல்லே வேடம். 'கேம் மாஸ்டர்' எனப்படுபவர் தமக்கென ஒரு வேடம் கொள்ளாமல், காட்டையும் கோட்டையையும் சத்திரத்துக் கிழவியையும் எதிர்வரும் அரக்கனையும் தாமே பேசிக் கதையை நடத்துவார். "பாலம் இற்று விழும் போலிருக்கிறது, என்ன செய்வீர்?" என்பார். "தாண்டுவேன்" என்று ஒருவர் சொன்னால், இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாயின் தப்புவார். சிறிதாயின் ஆற்றில் விழுவார். விழுந்தபின் கதை எத்திசை செல்லும் என்பது நடத்துகிறவருக்கே தெரியாது.

இதைக் கண்டபோது எனக்குப் புரிசைக் கூத்தர்கள் நினைவில் எழுந்தனர். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவெல்லாம் கூத்து நடக்கும். அவையோரின் குறும்புக்குக் கட்டியங்காரன் அங்கேயே விடையிறுத்துக் கதையை இழுத்துச் செல்வான். படுகளத்தன்று மண்ணாலான துரியோதனன் உருவைச் சுற்றி ஊரே கதைக்குள் புகுந்துவிடும். இந்நகரிலும் திகளர்பேட்டைத் தருமராயசுவாமி கோயில் கரகத்தில் வீரகுமாரர்கள் வாளேந்தித் திரௌபதியின் காவலராகவே நடப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். துரியோதனன் வீழ்ந்தே ஆக வேண்டும் என்பது கூத்தின் விதி. மேசையாட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. எனினும் பிறரைக் கதைக்குள் அழைத்துச் சென்று பத்திரமாக வெளியே கொணரும் வேலை இரண்டிற்கும் ஒன்றே. அவ்வேலைக்கு நம் ஊரார் தாம்பூலத்தில் முன்பணம் வைத்துக் கொடுத்தார்கள். கொடுத்த ஊரே 'கூத்தாடி' என்று இகழ்ந்ததும் உண்டு. அது ஊரின் குறை.

அன்று மேசையின் ஓரத்தில் ஒரு பெண் ஒரு மணி நேரமாக வாய் திறவாமல் அமர்ந்திருந்தாள். பையன் அவளைப் பெயர் சொல்லி அழைத்து வற்புறுத்தவில்லை. சத்திரத்துக் கிழவியாகக் குரலை மாற்றி, "இந்தப் பூட்டைத் திறக்க உன் கையால்தான் முடியும் மகளே" என்றான். அதன்பின் அந்தப் பெண்ணை நிறுத்த முடியவில்லை. 'நண்பர்களோடு ஆடுவதற்குப் பணமா?' என்று கேட்போர் உலகெங்கும் உளர். நானும் அப்படியே கேட்கச் சென்றவன்தான். அந்தக் கிழவியின் குரலைக் கேட்டபின் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் வயிறு கதையால் நிறையாதே! ஆகவே கணக்கும் பார்த்தோம். 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்காலத்தில் வீட்டில் அடைபட்டோர் இணையத்தின் வழியே ஆடத் தொடங்கினர். கட்டணம் பெற்று நடத்துவோரும் பெருகினர். தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐவருக்கு 2,500. கிழமைக்கு நான்கு ஆட்டமென்றால் மாதம் 40,000. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மூன்று மணி ஆட்டத்திற்கு ஏறக்குறைய அதே நேரம் ஆயத்தம் வேண்டும். அதற்குத் தனிக் கூலி இல்லை. ஒரு குழு கலைந்தால் மாதம் 10,000 போயிற்று. சேமநிதியும் இல்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை. அமெரிக்கரை ஆட்டுவித்தால் டாலர் வரும். ஆனால் நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5:30 அல்லது 6:30. தொண்டை கட்டினால் அன்றைய வருவாயும் கட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் தாளில் எழுதித் தந்தைக்கும் மகனுக்கும் காட்டினேன். நான்கு குழுக்கள் ஆறு மாதம் கலையாமல் நிற்கும்வரை வேலையை விடுவதில்லை என்று மகன் இசைந்தான். தந்தை தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரும் ஞாயிறு ஆட்டத்தில் ஓர் இருக்கை காலியாக உள்ளதாம். "நானும் வருகிறேன், ஆனால் 500 ரூபாயை வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.