மின்கட்டணச் சீட்டு யார் கையில்?



மின்சாரத்தையும் தண்ணீரையும் சாமான்களையும் சிக்கனமாகச் செலவழிப்பது பற்றிக் குழந்தைகளின் மனத்தில் பதியும்படி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்த நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும்; அந்த ஒரு காரியத்தை மட்டும் நான் செய்யப் போவதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 14-ஆம் தேதி வந்தால், எரிசக்தி சேமிப்பு நாள் என்று சொல்லிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, உறுதிமொழி வாசிக்கச் செய்து, ஓவியப் போட்டி நடத்தி, வந்த விருந்தாளிகளுக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டு, மறுநாள் பட்டப்பகலில் அதே பள்ளியின் தாழ்வாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருப்பதை நிமிர்ந்தும் பாராமல் கடந்து போகிறவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். மின்விசிறியை வாங்கியவன் அந்தப் பிள்ளை அல்ல. கட்டடத்துக்குப் படம் போட்டவனும் அவன் அல்ல. மோட்டாரின் சுவிட்ச் இருக்கும் அறைக்குள் நுழையவே அவனுக்கு அனுமதி கிடையாது. அதிகாரம் ஒன்றும் இல்லாதவனுக்கு உபதேசம், அதிகாரம் உள்ளவனுக்குச் சால்வை என்ற இந்த ஏற்பாட்டைக் கண்டிப்பதற்காகவே நான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

கொங்கு நாட்டு ஜனங்களுக்குச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒருவரும் வர வேண்டியதில்லை. மின்சாரத்தின் ஒரு பைசாவுக்கு என்ன விலை என்பதை இந்த மண்ணைப் போல் அறிந்த மண் வேறு இருக்கிறதா என்று கேட்கிறேன். 1970-ஆம் ஆண்டு, விவசாயப் பம்புசெட்டுகளுக்கான மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், பெருமாநல்லூரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் பலியானார்கள். இரண்டு வருஷம் கழித்து, வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில், மாட்டு வண்டிகளை ஓட்டி வந்து கோவை நகரத்து வீதிகளில் நிறுத்தி நகரத்தையே ஸ்தம்பிக்கச் செய்தவர்கள் நம் தகப்பன்மார்கள்; உங்களில் நரைத்த தலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிலர் அந்த வண்டிகளில் வந்தவர்களாகவும் இருக்கலாம். இன்னொரு பக்கம் நம் ஆலைகளைப் பாருங்கள். நூற்பாலையில் தரையில் விழுகிற பஞ்சுக் கழிவைக்கூடக் கூட்டி, தரம் பிரித்து, எடை போட்டு, மீண்டும் நூலாக்குகிற மில்லுக்கு விற்கிறோம். திருப்பூரில் பனியன் வெட்டிய துண்டுத் துணியை நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டுவதையே தொழிலாகக் கொண்டு எத்தனையோ குடும்பங்கள் ஜீவிக்கின்றன. ஒரு முழ நூல் வீணாகப் பொறுக்காத ஜனங்கள் நாம்.

அப்படிப்பட்ட மனிதன், தன் தோட்டத்து வாசலைத் தாண்டி ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலுக்குள் காலை வைத்ததும் வேறு மனிதனாகிவிடுகிறானே, அது ஏன்? இதுதான் இன்றைக்கு நான் உங்கள் முன் வைக்கிற கேள்வி.

நான் கண்டதைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் பயனில்லை, ஏனென்றால் எல்லா ஊரிலும் அது இருக்கிறது. கிழக்குப் பார்த்த அறை. மூன்று பெரிய ஜன்னல். காலை வெயில் தாராளமாக உள்ளே வருவதற்கென்று அந்தக் காலத்து மராமத்துக்காரர்கள் அளந்து வைத்த ஜன்னல்கள். மூன்றின் முன்பும் இரும்புப் பீரோக்கள் நிறுத்தப்பட்டு, அவற்றின் தலையில் விட்டம் தொடும் மட்டும் கோப்புக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஆகவே காலை பத்து மணிக்கு அங்கே ஐந்து டியூப் லைட்டு எரிந்தது. காற்றும் வராதபடியால் நான்கு விசிறி சுழன்றது. அந்த விசிறிக் காற்றில் காகிதம் பறக்கிறது என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கல் வைத்திருந்தார்கள்! பீரோவை இரண்டு முழம் நகர்த்தினால் இவ்வளவும் தீர்ந்துபோகும் என்று நான் சொன்னபோது, அங்கிருந்த பெரியவர் மிகுந்த மரியாதையோடு, "அதுக்கு மேலெடத்துல எழுதிக் கேக்கணுமுங்க" என்றார். அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டுவிட்டு, போட்டவர் சத்துணவுக்கு முட்டை எண்ணப் போய்விடுகிறார். தொட்டி நிரம்பி வழிகிறது. சுவர் நெடுக இறங்கிப் பச்சைப்பாசி படிந்த தடத்தைப் பார்த்தாலே, இது இன்று நேற்று நடந்ததல்ல, வருஷக் கணக்கில் நடக்கிறது என்று தெரிகிறது. அதே ஆள், தன் வீட்டுத் தோட்டத்தில், கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் மடை மாறுகிற நேரத்தை நிமிஷக் கணக்கில் அறிந்தவர். ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தாலும் எழுந்து போய் மோட்டார் போட்டு, பாத்தி நிரம்பினதும் நிறுத்திவிட்டு வந்து படுப்பவர். அவருக்கு அறிவு இல்லையா? அக்கறை இல்லையா? இரண்டும் உண்டு. பள்ளிக்கூடத்து மின்கட்டணச் சீட்டை மட்டும் அவர் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. தலைமையாசிரியரும் பெரும்பாலும் அதைக் கையில் வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. யாரோ எங்கோ கட்டுகிறார்கள். குறைந்தால் தமக்கு லாபமில்லை, கூடினால் தமக்கு நஷ்டமில்லை.

வாங்குகிற விஷயத்திலும் இதே அலட்சியந்தான். சாதாரணக் கூரை விசிறி ஒன்று 75 வாட் மின்சாரம் தின்கிறது. அதே காற்றை 35 வாட்டில் தரும் விசிறியை 2012-லேயே நம் கோயமுத்தூர்க்காரர்களே செய்து சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பள்ளியில் இருபது விசிறி, நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். வித்தியாசம் ஆண்டுக்கு 960 யூனிட். இருந்தும் நம் பள்ளிகளில் சுழல்வது எது? பழைய விசிறிதான். ஏனென்றால், டெண்டரில் குறைந்த விலைக்குக் கொடுப்பவனிடம் வாங்குவதே விதி. வாங்குகிற செலவு ஒரு கணக்கில், ஓட்டுகிற செலவு வேறொரு கணக்கில், இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிற மனிதன் ஒருவனும் இல்லை. ஊருக்கெல்லாம் பம்புசெட்டும் மோட்டாரும் செய்து அனுப்பும் கோவையிலேயே இந்த நிலைமை என்றால், மற்ற ஜில்லாக்களைப் பற்றி நான் என்ன சொல்வது?

தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நமக்குப் பெருமை தலைக்கேறிவிடும். சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்போம். முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம். அந்த நீர்த்தேக்கம் இருப்பது கேரள எல்லைக்குள். 1973-ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அதன் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக நம்மிடம் வந்து சேருகிறது. அவிநாசிப் பக்கத்து ஜனங்கள் மூன்று தலைமுறையாகக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தையும் எண்ணிப் பாருங்கள்: பவானியின் உபரி நீர் ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாக மேட்டுக்கு ஏற்றப்பட்டு, 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. மேட்டு நிலமான நம் நாட்டில் தண்ணீர் என்பது பெரும்பாலும் மின்சாரம் போட்டு மேலே தூக்கியதே. ஆதலால் பள்ளிக்கூடத்துக் குழாயில் ஒழுகுவது தண்ணீரோடு கலந்த மின்சாரம். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் சுமார் இருபது லிட்டரைக் கீழே விடுகிறது. அதை நிறுத்த வேண்டியது பத்து ரூபாய்க்கும் பெறாத ஒரு ரப்பர் வாஷர். அந்த வாஷரை மாற்ற ஒரு பிளம்பரை அழைக்கவும், அவருக்குக் கூலி கொடுக்கவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைச் சர்க்கார் கட்டாயமாக்கியதே, அப்போது பொதுக் கட்டடங்களில் தோண்டிய குழிகளில் இன்று எத்தனையில் மணலும் சருகும் மூடாமல் இருக்கின்றன?

சாமான்களின் கதியும் இதுவே. பள்ளிக்கூடத்துப் பின்புறத்து வேப்பமரத்தடிக்குப் போனால், ஒரு கால் ஒடிந்த பெஞ்சுகளைக் காணலாம். மழையில் நனைந்து, வெயிலில் வெடித்து, மற்ற மூன்று கால்களும் உளுத்துப் போகும்வரை அங்கேயே கிடக்கும். ஊரில் ஆசாரி இல்லையா? இருக்கிறார். பழுது பார்க்கத்தான் வழி இல்லை. புதிதாக வாங்க வழி உண்டு. நல்ல தேக்குச் சட்டமும் சீமை ஓடும் போட்ட பழைய வகுப்பறைகளை இடித்து, அவ்விடத்தில் கான்கிரீட் பெட்டியை எழுப்பி, பங்குனி வெயிலில் அதற்குள் பிள்ளைகளை வேகவைத்து, பிறகு அந்த வெக்கையைத் தணிக்க விசிறி மாட்டி, விசிறிக்கு மின்சாரம் வாங்குகிற நம்முடைய முன்னேற்றத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இடிந்து விழும் நிலையில் இருந்த ஓட்டுக் கட்டடங்களை இடித்தது நியாயமே. ஆனால் உயர்ந்த விட்டமும் காற்றோட்டமும் கொண்ட கட்டட அமைப்பையும் அவற்றோடு சேர்த்து ஏன் இடித்தோம் என்பதுதான் என் ஆட்சேபம்.

இங்கே ஒருவர் எழுந்து, "ஏனுங்க, பல பள்ளிகளில் விசிறியே போதவில்லை, கழிப்பறையில் தண்ணீரே வரவில்லை, அங்கே போய்ச் சிக்கனம் பேசுகிறீர்களே" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கழிப்பறையில் தண்ணீர் இல்லாமையால் காலையிலிருந்து மாலைவரை ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் தாகத்தைச் சேமிப்புக் கணக்கில் எழுதுகிறவன் பாதகன். நான் கேட்பது அதுவல்ல. சுவரில் வழிந்து பாசி பிடிக்கிற தண்ணீர் அந்தக் கழிப்பறைக்குப் போகட்டும் என்கிறேன். ஆளில்லாத அறையில் சுழல்கிற விசிறியின் பணத்தில், விசிறியில்லாத அறைக்கு ஒன்று வாங்குங்கள் என்கிறேன்.

இன்னொருவர், தோட்டத்துக்கு இலவச மின்சாரம் வாங்குகிற விவசாயிகளுக்கு இதைப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பார். அந்த இலவசம் சரியா தவறா என்று நெடுநேரம் வாதிக்கலாம். நான் சொல்லக்கூடியது இதுதான்: அது எத்தனை குதிரைத்திறனுக்கு, யாருடைய கிணற்றுக்கு என்பதாவது எழுதப்பட்டிருக்கிறது, பொதுக் கட்டடத்தின் விரயம் யார் பெயரிலும் எழுதப்படவில்லை.

சீட்டு கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் தூர தேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகிற மின்கட்டணத்தை ஊராட்சியே கட்டியாக வேண்டும். ஏறிக்கொண்டே போன அந்தத் தொகை தலைவராயிருந்த ஆர். சண்முகத்தின் கண்முன்னே நின்றது. முதலில் மரக்கழிவை எரித்து எரிவாயு உண்டாக்கித் தண்ணீர் இறைத்தார்கள். பிறகு 2006-ஆம் ஆண்டில், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். தங்கள் ஊரில் காற்றுப் போதாது என்று உடுமலைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்கிற ஊராட்சி என்று பெயர் வாங்கினார்கள். அங்கே பிறந்தவர்கள் நம்மைவிட உத்தமர்கள் என்று நான் நினைக்கவில்லை.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நொய்யலில் சாய நீரை விட்டுவிட்டுப் போவது செலவில்லாத காரியமாக இருந்தவரையில், அதைச் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிப்பது அசாத்தியம் என்று சாதித்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பின்பு, அசாத்தியமாக இருந்தது மெல்ல மெல்லச் சாத்தியமாயிற்று. இன்று சாயக் கழிவிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடியும் தொட்டியில் விடுகிறார்கள். கஷ்டப்பட்டார்கள், கடன்பட்டார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. செலவு தன் வாசலுக்கு வந்தபோது யுக்தியும் கூடவே வந்தது என்பதையும் மறைக்க முடியாது.

ஆகவே இந்தக் கூட்டம் சர்க்காரைக் கேட்க வேண்டியது புதிய விழாவையல்ல. ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும், ஒவ்வொரு அலுவலகத்தின் முகப்பிலும், ஆசிரியர் பெயரும் மாணவர் வருகையும் எழுதுகிற அதே கரும்பலகையில், சென்ற இரண்டு மாதத்து மின்சார யூனிட்டையும் தொகையையும், போன வருஷம் இதே மாதங்களில் ஆனதையும் எழுதி வையுங்கள். அதைவிட முக்கியமாக, மிச்சமான பணத்தில் ஒரு பாதியையேனும் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிடமே விட்டுவிடுங்கள். வாஷர் மாற்றவும் பெஞ்சுக்குக் கால் வைக்கவும் யாரிடமும் எழுதிக் கேட்காமல் அவர்கள் செலவழிக்கட்டும். மிச்சம் பிடித்தவனிடமிருந்து மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த வருஷ ஒதுக்கீட்டையும் குறைக்கிற வழக்கம் இருக்கும்வரையில், சிக்கனமாக இருக்கிற தலைமையாசிரியருக்கு மிஞ்சுவது தண்டனைதான். குழுவினர் பணத்தைத் தின்றுவிடுவார்கள் என்று பயப்படுகிற அதிகாரிகளுக்கு நான் சொல்வேன்: கரும்பலகையில் எழுதின கணக்கை ஊரே வாசிக்கும், பீரோவுக்குள் பூட்டின கணக்கைத்தான் ஒருவரும் வாசிப்பதில்லை.

தலைமையாசிரியர்கள் யாரேனும் இதைக் கேட்கும் மனுவில் கையெழுத்திடத் தயங்கினால் அவர்களைக் குறை கூறாதீர்கள். அவர்கள் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். பெற்றோர்களாகிய நாம் போட வேண்டிய கையெழுத்து இது. வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப்போகும் மனு, மேடைக்கு இடது பக்கத்து மேஜையில் இருக்கிறது. பெயர், ஊர், பிள்ளை படிக்கும் பள்ளி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, அந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்த மின்கட்டணம் எவ்வளவு என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் தொகையை எழுதுங்கள். தெரியாதவர்கள் அதைக் காலியாகவே விட்டுவிடுங்கள். ஆட்சியர் அந்தக் காலிக் கட்டங்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.