தேங்கிய வயலில் யூரியா போடலாமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்துக் களிமண் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வரப்பை முட்டி நிற்கும். சம்பாப் பயிர் வெளுத்துக் கிடக்கும். நம்ம ஆளுங்க உடனே ஒரு மூட்டை யூரியாவை அந்தத் தண்ணீரிலேயே வீசிவிட்டு வந்துவிடுவாங்க. நாலு நாள் கழித்தும் பச்சை கட்டாது. "உரம் சரியில்லே சார்" என்பார்கள். உரத்தின் மேல் குற்றமில்லை. போட்ட நேரம்தான் தப்பு.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. தேங்கிய தண்ணீரில் வீசினால் ஒரு பங்கு அம்மோனியா ஆவியாகக் காற்றோடு போகிறது. வரப்பு வழிந்தால் இன்னொரு பங்கு கீழ்வயல்காரருக்குச் சேருகிறது. (அவர் உரத்துக்குக் காசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) மீதியில் நடப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத திருட்டு. சேற்றின் மேல் தோலில் மட்டும் கொஞ்சம் காற்றோட்டம் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டைக் களிமண் பிடித்து வைக்காது. அது காற்றில்லாத அடிச்சேற்றுக்கு இறங்கியதும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு பெரியவரிடம் "இன்னும் அரை மூட்டை போடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வடிந்த பிறகு பயிர் தானாகத் தேறியது. "போகட்டும் தம்பி" என்றார் அவர். அந்த அரை மூட்டைக் காசு இன்னும் எனக்கு உறுத்தும்.

ஆகவே முதலில் மண்வெட்டியை எடுங்கள். வடிகாலைத் திறந்து, சேறு தெரியும் அளவுக்குத் தண்ணீரை வடியுங்கள். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் முந்தின நாளே கலந்து இரவு முழுக்க வைத்திருங்கள். போடும்போது 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, மடையை அடைத்துவிட்டு வீசுங்கள். மறுநாள் லேசாகத் தண்ணீர் கட்டலாம்.

2015 முதல் வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே வருகிறது, பிண்ணாக்கு எதற்கு என்பீர்கள். பிண்ணாக்கு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வடிப்பதை மட்டும் விடாதீர்கள். பூச்சு நைட்ரேட் ஆவதைத் தாமதப்படுத்துமே தவிர, வரப்பு வழிந்து ஓடுவதைத் தடுக்காது.

வடியவே வழியில்லாத பள்ள வயலா? இலை தண்ணீருக்கு மேலே தெரிந்தால், மழையில்லாத நாளில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் கரைத்து இலையில் தெளியுங்கள்.

பச்சை கட்டிய பிறகு ஆசைப்பட்டு மேலும் போட்டால் இலைச்சுருட்டுப் புழுவுக்கு விருந்து வைத்த கதைதான். விரிவாக்க மையத்தில் இலை வண்ண அட்டை கேட்டு வாங்கி, வாரம் ஒரு முறை காலையில் பயிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் யூரியா மூட்டையைப் பிரிக்கலாம்.