குடிமைப் பாடமும் கிராம சபையும்
(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடிமைக் கல்வி பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். யான் தமிழாசிரியன், எனினும் ஆசிரியர் குறைந்த ஆண்டுகளில் குடிமைப் பாடமும் என் தலைமேல் ஏறுவதுண்டு. ஆதலின் இப்பொருள்பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமையுண்டு; நாணமும் உண்டு.

1951-52ஆம் ஆண்டுகளில் இந்நாட்டின் முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றபொழுது எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. கல்லாதார்க்கு வாக்கு எற்றுக்கு என்று நகைத்தாரும் உளர். வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் சின்னம் பொறித்த தனிப்பெட்டி வைத்தனர், கல்லாதாரும் வாக்களித்தனர். ஆனால் அதன்முன் பட்டியல் எழுதச் சென்றார்க்கு வடநாட்டுப் பெண்டிர் பலர் தம் பெயரை உரையாது, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே கூறினர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்றிலர். அவ்வாறு நீக்கப்பட்டார் ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிர்! அவர்க்கு வேண்டியிருந்தது அரசியற் சட்டப் பிரிவுகளின் அறிவன்று; தம் பெயரைப் பிறர்முன் தாமே உரைக்கும் பழக்கமே.

நம் பாடநூலோ அவைகளின் பெயரும், உறுப்பினர் தொகையும், பதவிக் காலமும் தருகிறது. மாணவன் ஒப்பித்து முழு மதிப்பெண் பெறுகிறான். அம்மட்டே.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளார் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கும் உரிமை அவர்க்குண்டு. சில யாண்டுகட்கு முன் ஓரூரில் அத்தகைய கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். பதிவேடு கைக்குக் கை மாறி வந்தது. தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் அனைவரும் கையெழுத்திட்டனர். என்பாற் பயின்ற பட்டதாரிகள் இருவரும் இட்டனர். யானும் இட்டேன். கைந்நாட்டு வைக்கும் முதியவர் ஒருவரே, "எழுதி வாசித்துக் காட்டுங்கள், பிறகு வைக்கிறேன்" என்று மையை மறுத்தார். அன்று கணக்கு வாசிக்கப்பெற்றது அவர் ஒருவராலேதான்.

அன்று முதல், குடிமைப் பாடம் என்பால் வரும் ஆண்டுகளில் ஒரு வேலை இடுகிறேன். மாணவர் ஒவ்வொருவரும் பெற்றோருடன் கிராம சபைக்குச் சென்று, வாசிக்கப்பெறும் கணக்கில் மூன்று செலவுகளைக் குறித்து, அப்பணி நடந்த இடத்தையும் கண்டு வருதல் வேண்டும். இங்குள்ளாருள் ஊராட்சிப் பொறுப்பு வகித்தவரும், ஒப்பந்தப் பணி எடுப்பவரும் உளர் என்பதை அறிவேன். நம் வீட்டுப் பிள்ளையே நோட்டுப் புத்தகத்தோடு வந்து கணக்குக் கேட்பின், அருள்கூர்ந்து வெகுளாது விடையளிக்க வேண்டுகிறேன்.